‘பி’ விழுந்ததா? எலெக்ட்ரானிக் கியர் தானே பூட்டிக்கொள்வது எப்படி?

ஒரு சின்ன மெஸ்ஸின் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாஸ்டர், ஒரு பெரிய அடுப்பு, சுவருக்கு அந்தப் பக்கம் கேஸ் சிலிண்டர். ராத்திரி வியாபாரம் முடிந்ததும் முதலாளியே உள்ளே வந்து அடுப்பின் திருகை மூடுகிறார். திருகு நிற்கும் திசையைப் பார்த்தாலே மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரியும். அவர் கைக்கும் திருகுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை.

மெஸ் பெரிதாகிறது. முதலாளி இப்போது கல்லாவில் உட்கார்ந்தபடியே, “மாஸ்டர், அடுப்பை அணைச்சிடுங்க” என்று குரல் கொடுக்கிறார். கை திருகைத் தொடவில்லை, குரல்தான் போகிறது. அது உள்ளே போய்ச் சேர்ந்ததா, மாஸ்டர் சரியாகக் காதில் வாங்கினாரா, உண்மையிலேயே அணைத்தாரா? “அணைச்சாச்சு” என்ற பதில் வந்தால்தான் தெரியும். பதிலுக்குக் காத்திராமல் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கலாம்.

ஆட்டோமேட்டிக் கார்களில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் மாற்றம் இதுதான். முதலாளி இருக்கும் இடத்தில் ஓட்டுநர். அவருடைய குரல்தான் கியர் லிவர், அல்லது பட்டன், அல்லது வட்டத் திருகு. மாஸ்டர் என்பது கியர்பாக்ஸை ஆளும் கணினி. அடுப்பின் திருகு, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ‘பி’ என்ற பார்க்கிங் பூட்டு. சிலிண்டரின் ரெகுலேட்டர், ஹேண்ட் பிரேக். முதலாளி பதில் கேட்காமல் கிளம்பினாலும் மாஸ்டரே பார்த்து அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்த விதிதான் ‘ஆட்டோ பார்க்’.

இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கை திருகில் இருந்த காலம்

பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் லிவரை ‘பி’க்குத் தள்ளினால், அதோடு இணைந்த ஒரு கேபிள் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சிறு கையை இழுக்கும். உள்ளே பூட்டு விழும். லிவர் ‘பி’யில் நின்றால் கியர்பாக்ஸும் ‘பி’யில் நிற்கும். டாஷ்போர்டு விளக்கு எரியாவிட்டாலும் ஓட்டுநரின் உள்ளங்கைக்கு அது தெரியும்.

சாவியும் ஒரு காவலாக இருந்தது. அமெரிக்காவில் ‘பி’யில் நிறுத்தாமல் சாவியை உருவ முடியாதபடி ஆட்டோமேட்டிக் கார்கள் இருக்க வேண்டும் என்று விதியே வந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறவர், கட்டாயம் காரைப் பூட்டிவிட்டுத்தான் இறங்குகிறார் என்பது அதன் பொருள். பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’யிலிருந்து லிவர் நகரும் என்ற ஏற்பாட்டையும், 2010 செப்டம்பர் முதல் தயாராகும் வண்டிகளுக்கு அமெரிக்கா கட்டாயமாக்கியது. வண்டிக்குள் விளையாடும் குழந்தை லிவரை இழுத்து, கார் உருண்டு போன விபத்துகளே இந்த விதிக்குக் காரணம்.

கேபிள் இருந்த காலம் குறையே இல்லாத காலம் என்று நினைத்துவிடக் கூடாது. கேபிளின் நுனியைக் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடிக்கும் சிறிய புஷ் நைந்து கழன்றுவிடலாம் என்பதால், ஃபோர்டு நிறுவனம் 2022இல் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. புஷ் கழன்றால் லிவர் ‘பி’யைக் காட்டும், கியர்பாக்ஸ் வேறு நிலையில் இருக்கும். திருகு வெளியே திரும்புகிறது, உள்ளே வால்வு திரும்பவில்லை என்ற நிலை அது. ஆகவே கையால் பூட்டினாலும், குரலால் பூட்டினாலும், பூட்டு விழுந்ததா என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கிறது.

உள்ளே விழும் பல்

‘பி’ போட்டதும் கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது?

சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின்மேல் ஆழமான பள்ளங்கள் கொண்ட பற்சக்கரம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில், ஒரு முனையில் ஆணி அடித்ததுபோல் ஊசலாடும் இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியில் ஒரே ஒரு பல். ‘பி’ போட்டால் அந்தப் பல் பள்ளத்துக்குள் இறங்கி, தண்டைச் சுழல விடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு டன் எடையுள்ள வண்டியைச் சரிவில் நிறுத்திவைப்பது விரல் அளவிலான இந்தப் பல்தான்.

சில சமயம் பல் பள்ளத்துக்கு நேராக வராமல் மேட்டின்மேல் உட்காரும். அப்போது ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்துக் காத்திருக்கும். கார் சில அங்குலம் நகர்ந்ததும் பள்ளம் நேராக வரும், பல் ‘டக்’ என்று உள்ளே விழும். ‘பி’ போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகு கார் லேசாக அசைந்து நிற்பது இதனால்தான். அந்த அசைவு பழுதல்ல; பூட்டு விழுகிற அடையாளம்.

வேகமாக ஓடும் வண்டியில் பல் உள்ளே விழக் கூடாது. விழுந்தால் உடையும், அல்லது சக்கரம் திடீரென்று நின்று வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். அதனால் பற்களின் ஓரங்கள் சாய்வாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வேகம் இருக்கும்போது பல் உள்ளே நுழைய முடியாமல் ‘கடகட’ என்று தட்டிக்கொண்டு துள்ளும். ஏறத்தாழ மனிதர் நடக்கும் வேகத்துக்கும் கீழே வந்த பிறகே அது இறங்கும்.

குரல் கொடுக்கும் காலம்

பி.எம்.டபிள்யூ தன் ‘7 சீரீஸ்’ காரில் 2001இல் கேபிளை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் பக்கத்தில் சிறு குச்சி ஒன்றை வைத்தது. டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை பிரியஸ் 2003இல் டாஷ்போர்டில் சின்ன ஜாய்ஸ்டிக்கோடும் தனியான ‘பி’ பட்டனோடும் வந்தது. இன்று மின்கார்களில் இதுவே வழக்கம். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கில் கியர் லிவரைத் தேடினால் இரண்டு இருக்கைக்கும் நடுவில் கிடைக்காது; ஸ்டியரிங்குக்குக் கீழே குட்டிக் குச்சியாக இருக்கும்.

இந்தக் குச்சிக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சில சென்சார்கள். குச்சியை நகர்த்தினால் காந்தம் நகரும். சென்சார்கள் அதை மின் செய்தியாக்கி, வண்டிக்குள் ஓடும் தகவல் கம்பி வழியே கணினிக்கு அனுப்பும். ஒரே அசைவை ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் தனித்தனியாகப் படிக்கின்றன. அவை சொல்வது ஒத்துப்போனால்தான் கணினி நம்பும். ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

செய்தி வந்தவுடன் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கட்டளையை நிறைவேற்றுவதில்லை. வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது ரிவர்ஸ் கேட்டால் தரமாட்டார். பிரேக்கை மிதிக்காமல் ‘பி’யிலிருந்து எடுக்கச் சொன்னால் எடுக்கமாட்டார். ஓடும்போது ‘பி’ கேட்டால், வேகம் அதிகம் என்று திரையில் எழுதிக் காட்டுவார். கேபிள் காலத்தில் தப்பான கட்டளையைத் தடுக்க இரும்புத் தாழ்கள்தான் இருந்தன; இங்கே கட்டளையை எடைபோடும் அறிவு ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எலெக்ட்ரானிக் கியரின் பெரிய பலம் இது.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. இத்தகைய லிவர்களில் ஒரு வகை, தள்ளிவிட்டுக் கையை எடுத்ததும் பழைய நடு நிலைக்கே திரும்பிவிடும். ‘டி’ போட்டாலும், ரிவர்ஸ் போட்டாலும், ‘பி’ போட்டாலும் அது நிற்பது ஒரே இடத்தில். முதலாளி என்ன குரல் கொடுத்தார் என்பது அவர் வாயைப் பார்த்தால் தெரியாதல்லவா, அதைப் போல. விடை முழுக்க முழுக்க விளக்கிலும் திரையிலும்தான் இருக்கிறது. கை பல ஆண்டுகளாகப் பழகிய அறிவு இங்கே உதவாது.

2016 சொன்ன பாடம்

இந்த வகை லிவரோடு வந்த 2014, 2015ஆம் ஆண்டு மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, 2012 முதல் 2014 வரையிலான கிரைஸ்லர் 300, டாட்ஜ் சார்ஜர் ஆகிய கார்களைப் பற்றி அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்புக்குப் புகார்கள் குவிந்தன. ‘பி’ போட்டோம் என்று நம்பி இறங்கியவர்களின்மேலேயே கார் உருண்டு வந்திருந்தது. 2016 ஏப்ரலில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் உலகம் முழுக்க 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது.

அடுத்த இரண்டு மாதத்துக்குள், ஜூன் 19 அன்று, ‘ஸ்டார் டிரெக்’ படங்களில் செக்கோவாக நடித்த ஆன்டன் யெல்சின் லாஸ் ஏஞ்சலீஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில் இறந்து கிடந்தார். அவருடைய 2015 மாடல் கிராண்ட் செரோக்கி பின்னோக்கி உருண்டு, செங்கல் தூணோடும் பாதுகாப்பு வேலியோடும் சேர்த்து அவரை நசுக்கியிருந்தது. வயது 27. திரும்ப அழைக்கப்பட்ட மாடல்களில் அவருடைய காரும் ஒன்று.

அந்தக் கார்களில் எந்தப் பாகமும் உடைந்திருக்கவில்லை என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். லிவர் வேலை செய்தது, கம்பி வேலை செய்தது, பல் வேலை செய்தது. கதவு திறந்தபோது எச்சரிக்கை மணியும் அடித்தது. ஆனால் மணி பல காரணங்களுக்கு அடிக்கும் ஒன்று. பெல்ட் கழற்றினாலும் அடிக்கும், விளக்கை அணைக்க மறந்தாலும் அடிக்கும். எஞ்சின் சத்தம் மெலிதாகிவிட்டது. சாவி உருவும் பழக்கமும் போய்விட்டது. சாவி பையிலேயே இருக்கிறது. ‘பி’ போடாமல் இறங்குகிறவரைத் தடுத்து நிறுத்திய பழைய காவல்கள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன, அந்த இடத்தில் புதிய காவல் எதுவும் வைக்கப்படவில்லை.

ஓட்டுநர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். ஆனால் பல லட்சம் பேர் நாளுக்கு நாலு தடவை செய்யும் ஒரு காரியத்தில் யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் தவறுவது உறுதி. அந்தத் தவறு உயிரைக் கேட்கும்படி இருந்தால், குறை அமைப்பில்தான் இருக்கிறது. மெஸ்ஸில் முதலாளி ஒரு ராத்திரி மறந்துவிட்டதற்காகக் கட்டடமே எரியக் கூடாது.

மாஸ்டருக்கு எழுதிக்கொடுத்த விதி

திரும்ப அழைத்த கார்களுக்குப் புதிய லிவர் மாட்டப்படவில்லை. கணினிக்குப் புதிய மென்பொருள் ஏற்றினார்கள். பல்லைத் தள்ளும் அதிகாரம் ஏற்கெனவே மாஸ்டரிடம்தான் இருந்தது. முதலாளி போய்விட்டார் என்று தெரிந்தால் சொல்லாமலே அணைத்துவிடு என்ற விதி மட்டும்தான் குறைவாக இருந்தது.

ஓட்டுநர் இறங்கிவிட்டார் என்று கார் எப்படித் தெரிந்துகொள்கிறது? அந்த நிறுவனத்தின் கார்களில் நான்கு அடையாளங்களும் ஒன்றாகச் சேர வேண்டும்.

ஒன்று, வண்டி நின்றிருக்க வேண்டும், அல்லது மணிக்கு சுமார் 2 கி.மீ.க்குக் குறைவாக நகர வேண்டும். இரண்டு, ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். மூன்று, அவருடைய சீட் பெல்ட் கழன்றிருக்க வேண்டும். நான்கு, பிரேக் மிதியின்மேல் கால் இருக்கக் கூடாது. நான்கும் பொருந்தி, கியர் ‘பி’யில் இல்லாவிட்டால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் கணினி பல்லை இறக்கிவிடும்.

கதவு ஒன்று போதாதா? போதாது. ரிவர்ஸ் எடுக்கும்போது கதவைத் திறந்து தலையை நீட்டிச் சுவரைப் பார்ப்பவர்கள் உண்டு. குழம்பு கொதிக்கும்போது மாஸ்டரின் உதவியாளர் கறிவேப்பிலை வாங்கப் பின்கதவைத் திறந்தால், அடுப்பை அணைத்துவிடுவோமா? பெல்ட் ஒன்று போதாதா? அதுவும் போதாது, பின்னால் திரும்பிப் பார்க்கப் பெல்ட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக்கில் கால் இல்லை என்பதும் தனியே பொருள் தராது. மெதுவாக நகரும் வண்டியில் கால் பிரேக்கில் இருக்காது. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. எல்லாம் சேர்ந்தால் ஒரே காரணம்தான்: ஆள் இறங்குகிறார்.

இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் பள்ளம். விதியைத் தளர்த்தினால் இறங்கியவர்மேல் கார் உருளும். இறுக்கினால், நகரும் வண்டியில் தேவையில்லாமல் பூட்டு விழும், எரிச்சலடைந்த மக்கள் அதை நம்ப மறுப்பார்கள். டெஸ்லா போன்ற மின்கார்கள் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருப்பதையும் கணக்கில் சேர்க்கின்றன. ஃபோர்டு 2017 ஃபியூஷன் காரில் வட்டத் திருகோடு, எஞ்சினை அணைத்தாலோ இறங்கினாலோ தானே ‘பி’க்குத் திரும்பும் ஏற்பாட்டைக் கொடுத்தது. அடையாளங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடிப்படை ஒன்றுதான்: ஒரே சாட்சியை நம்பாதே, சாட்சிகள் ஒத்துப்போனால் தயங்காதே.

ஸ்பிரிங் யார் பக்கம்?

மாஸ்டரே மயங்கி விழுந்துவிட்டால்? அதாவது மின்சாரமே போய்விட்டால்?

கிராண்ட் செரோக்கி போன்ற பெரிய கார்களில் இருக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. பல்லைப் பள்ளத்துக்குள் தள்ள ஸ்பிரிங் எப்போதும் தயாராக இருக்கிறது. வண்டி ஓடும்போது அதைத் தடுத்துப் பிடித்திருப்பது எண்ணெயின் அழுத்தம். எஞ்சின் நின்று அழுத்தம் போனால், ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துவிடும். நவீன அடுப்புகளில் சுடர் அணைந்ததும் கேஸைத் தானே மூடும் வால்வு இருக்கிறதே, அதே தத்துவம். திறந்து வைக்கத்தான் முயற்சி வேண்டும். மூடிக்கொள்ள எதுவும் வேண்டாம்.

எல்லாக் காரும் இப்படி இல்லை. பல மின்கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஒரு சிறு மோட்டார் பல்லைத் தள்ளவும் செய்கிறது, இழுக்கவும் செய்கிறது. மின்சாரம் போனால் பல் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். ‘பி’யில் இருந்தால் ‘பி’யிலேயே மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் திறந்தே இருக்கும். மின்காரின் பெரிய பேட்டரி முழுக்கச் சார்ஜ் ஆகியிருந்தாலும், இந்த மோட்டாருக்குச் சக்தி தருவது பெரும்பாலும் தனியான 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். ‘பி’யில் இருக்கும்போது அது செத்துவிட்டால் வண்டியைத் தள்ளி நகர்த்தவும் முடியாது. இதற்காகச் சில கார்களில் ஒரு மூடிக்குள் அவசர விடுவிப்பு நாடா அல்லது திருகு இருக்கும். அதை இழுக்கும் முன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட வேண்டும். இழுத்த மறுநொடி வண்டி உருளத் தொடங்கலாம்.

எங்கே இது கைகொடுக்காது?

ஆட்டோ பார்க் உங்கள் வேலையைச் செய்ய வந்த ஆள் அல்ல, உங்கள் மறதிக்குப் பின்னால் நிற்கும் ஆள். நிறுவனங்களின் கையேடுகளே இதைத்தான் சொல்கின்றன. கைவிடும் இடங்கள் இவை.

முதலாவது, வேகம். செங்குத்தான சரிவில் கதவைத் திறப்பதற்குள் கார் நகர ஆரம்பித்து வரம்பைத் தாண்டிவிட்டால் பல் இறங்காது. நாலு சக்கர ஓட்டத்தின் குறைந்த கியரில், மேடுபள்ளமான பாதையில் ஓட்டும்போது, ஜீப் வகை வண்டிகளில் இந்தப் பாதுகாப்பு வேலை செய்வதில்லை.

இரண்டாவது, நின்றிருப்பதுபோலத் தோன்றும் கார். ஆட்டோமேட்டிக் காரை ‘டி’யில் வைத்துக் காலை எடுத்தால் மெல்ல ஊரும். லேசான ஏற்றத்தில் இந்த ஊர்தலும் சரிவின் இழுப்பும் சமமாகி, கார் அசையாமல் நிற்கும். ‘பி’ போட்டதுபோலவே இருக்கும், போட்டிருக்கமாட்டோம். டிராஃபிக்கில் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் ‘ஆட்டோ ஹோல்டு’ போட்டிருந்தாலும் இதே மயக்கம்தான். கார் நிற்பது வேறு, கார் பூட்டியிருப்பது வேறு.

மூன்றாவது, ஏ.எம்.டி. கார்கள். 2014இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவிய இந்த வகைக் கார்களில் கிளட்ச் மிதி இல்லை, கியரை மாற்றுவது மின்சாரக் கருவி. ஆனால் பெரும்பாலானவற்றில் ‘பி’ என்ற நிலையே கிடையாது. ‘பி’ உள்ள காரை ஓட்டிப் பழகியவர் இதை ஓட்டினால், இல்லாத பூட்டை நம்பி இறங்கிவிடுவார். இங்கே ஹேண்ட் பிரேக்தான் பூட்டு. சரிவில் எந்த கியரில் விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

நான்காவது, பஞ்சர். பல் பூட்டுவது எஞ்சினோடு இணைந்த சக்கரங்களை மட்டும். அதுவும், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் வழியாக. முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால், அந்தரத்தில் இருப்பது ஒரு பக்கம் சுழல, தரையில் இருப்பது மறுபக்கம் உருளலாம். ‘பி’ போட்டிருந்தும் கார் நகரும். டயர் மாற்றும்போது ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லும் கட்டாயம் என்பது இதனால்தான்.

சிலிண்டரையும் மூடுங்கள்

நம் வீடுகளில் தூங்கப் போகும் முன் அடுப்பின் திருகை மூடியதோடு யாரும் நிற்பதில்லை. சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுகிறோம். இரண்டும் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வழியில் வேலை செய்யும் காவல்கள். ஒன்று தவறினாலும் மற்றது இருக்கும். ஹேண்ட் பிரேக் அப்படிப்பட்ட இரண்டாவது காவல். பல் கியர்பாக்ஸைப் பூட்டுகிறது. ஹேண்ட் பிரேக் சக்கரத்தையே நேராகப் பிடிக்கிறது. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்கள் பலர் ‘பி’ இருக்கிறதே என்று ஹேண்ட் பிரேக்கை மறந்தே போய்விட்டார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வரிசையும் முக்கியம். கால் பிரேக்கை மிதித்து வண்டியை முழுக்க நிறுத்துங்கள். காலை எடுக்காமல் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். பிறகு ‘பி’. திரையில் ‘பி’ என்ற எழுத்தைக் கண்ணால் பாருங்கள். மெல்லக் காலை எடுத்து, வண்டி அசையவில்லை என்று உறுதி செய்யுங்கள். எஞ்சினை அணையுங்கள். அதன் பிறகு பெல்ட், அதன் பிறகு கதவு. இந்த வரிசையில் வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கின்மேல் உட்காரும், பல்லின்மேல் உட்காராது. சரிவில் காரை மீண்டும் எடுக்கும்போது கியர்பாக்ஸிலிருந்து ‘டங்’ என்று வரும் சத்தமும் இருக்காது.

வேறொருவர் காரையோ வாடகைக் காரையோ ஓட்டும்போது, கிளம்பும் முன் ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ‘பி’ எப்படிப் போடுவது, எங்கே காட்டுகிறது, ஹேண்ட் பிரேக் லிவரா பட்டனா என்று பார்த்துவிடுங்கள். வட்டத் திருகு, பட்டன், ஸ்டியரிங் குச்சி என்று ஆளுக்கொரு விதமாக வந்துவிட்ட காலத்தில், ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் வழிகாட்டாது.

காருக்குத் திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. இப்போது குறையைச் சரிசெய்வது பல சமயம் ஒரு மென்பொருள் ஏற்றம்தான். அரை நாளில் முடிகிற வேலை. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கு நிறுவனத்தின் கடிதம் வந்து சேராமல் போகலாம். அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கார் வாங்கப் போகும் இடத்தில் மைலேஜ் கேட்கிறோம், சன்ரூஃப் கேட்கிறோம். ‘பி’ போடாமல் நான் இறங்கினால் இந்தக் கார் என்ன செய்யும் என்றும் கேட்போம். மணி மட்டும் அடிக்குமா, தானே பூட்டுமா, ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் போடுமா? விற்பவருக்கு விடை தெரியாவிட்டால், டெஸ்ட் டிரைவின்போது சமதரையில் அவரையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துக் கையேட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டளையைக் கையிலிருந்து வாங்கிக் கணினியிடம் கொடுத்தவர்கள், கை தவறும் நேரத்துக்கான பொறுப்பையும் கணினியிடம் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு விலையுயர்ந்த காருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. எலெக்ட்ரானிக் கியர் வைத்த ஒவ்வொரு காரும், எந்த விலையில் விற்றாலும், ஆள் இறங்கினால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும்.